சலானைத் தவணையில் கட்ட ஒரு வழி செய்யுங்கள்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர், போக்குவரத்து ஆணையர், மதுரை மாநகரக் காவல் ஆணையர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

மாட்டுத்தாவணியில் இருந்து கூப்பிடு தூரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ரேஷன் கார்டு திருத்தம், பட்டா நகல், வண்டி இன்சூரன்ஸ், கரண்ட் பில் எல்லாம் பார்ப்போம். கூடவே சலான், அதாவது வண்டிக்கு விழுந்த ஃபைனைக் கட்டிக் கொடுப்பதும் உண்டு. ஒன்பது வருடமாக இதே மேசை, இதே நாற்காலி. சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் அபராதம் என்ற வார்த்தை ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை உங்களில் பலரைவிடப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். வலையங்குளம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மல்லிகை மூட்டையோடு பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) இன்னும் பழைய ஓனர் பெயரில் இருந்தது. மகள் வற்புறுத்தியதால் பெயர் மாற்ற வந்திருந்தார். நம்பரைப் போட்டுப் பார்த்தேன். நான்கு சலான். தலைக்கவசம் இல்லை என்று மூன்று, தலா 1,000. இன்சூரன்ஸ் இல்லை என்று ஒன்று, 2,000. மொத்தம் 5,000. மெசேஜ் எல்லாம் பழைய ஓனரின் செல்போனுக்குப் போயிருக்கிறது. இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அனுப்பியும் இருப்பார்கள். ஆனால் ஆர்.சி.யில் இருக்கிற நம்பருக்குத்தானே போகும்? செகண்ட் ஹேண்ட் வண்டி வைத்திருக்கிற பாதிப் பேருடைய கதை இதுதான். (உடனே பெயர் மாற்றாதது அவர்கள் தப்பு. அதை நானே அவர்களிடம் சொல்லிச் சத்தம் போடுவேன்.)

பெரியவர் மறுக்கவே இல்லை. "ஆமா தாயி, ஹெல்மெட் போடல, இன்சூரன்சும் போடல" என்றார். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார்: "மாசம் ஐநூறு ஐநூறா கட்டிப்புடுறேன்னு எழுது தாயி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எழுத இடமில்லை. சலான் கட்டுகிற இணையப் பக்கத்தில் ஒரு சலானுக்கு முழுத் தொகையைக் கட்டத்தான் வழி இருக்கிறது. ஐநூறு ரூபாயை வாங்கி வரவு வைக்க ஒரு கட்டம்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் பணத்தோடு வந்தார். எங்கே புரட்டினீர்கள் என்று கேட்டேன். தண்டல்காரரிடம். எழுதியது ஆறாயிரம், கைக்கு வந்தது ஐயாயிரத்து நானூறு. தினம் அறுபது ரூபாய், நூறு நாள். அவர் இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். நூறு கட்டம் போட்ட அட்டை. முதல் கட்டத்தில் அன்றைக்கே ஒரு கையெழுத்து விழுந்திருந்தது.

அறுநூறு ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக அவர் கையில் இருக்கிற கடன் 2,700 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 600 வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு எண்பது பக்கம் வரும். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க 2003இலேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அதே மாநிலத்தின் அபராதத்தைக் கட்ட ஒரு பெரியவர் எண்பது வட்டிக்குக் கடன் வாங்குகிறார்.

அவர் தவணையில்தான் கட்டுகிறார். அரசுக்குக் கட்டவில்லை, தண்டல்காரருக்குக் கட்டுகிறார். நான் கேட்க வந்தது இவ்வளவுதான்: அந்த மஞ்சள் அட்டையை நீங்கள் கொடுங்கள். வட்டி இல்லாமல் கொடுங்கள்.

அபராதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இதைச் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே "சட்டத்தை மதிக்காதவனுக்கு வக்காலத்தா" என்று கேட்கிறார்கள். என் அண்ணன் மகன் ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச் சாலையில் விழுந்து, பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போய், எழுந்து உட்கார்ந்தவன். அந்தத் தலைக்கவசம் பிளந்த நிலையில் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது ஊரே முணுமுணுத்தது. எனக்கு அது சரியான உத்தரவாகத்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான். இன்சூரன்சும் அப்படியே. 2022இல் நிர்ணயித்த விகிதப்படி 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருடத்துக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதைக் கட்டாமல் விட்டு 2,000 ஃபைன் கட்டுகிறவரிடம் நானே கோபப்படுவேன்.

ஆனால் தொகை எங்கிருந்து எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையொட்டி நம் மாநிலம் 2022 அக்டோபரில் புதிய தொகைகளை அறிவித்தது. தலைக்கவசத்துக்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ஆக இருந்தது 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. நூறு ரூபாய் ஃபைனுக்குத் தவணை யாரும் கேட்கப்போவதில்லை. மடியில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தொகை பத்து மடங்கு ஆனபோது கட்டுகிற முறையும் மாறியிருக்க வேண்டும். அது மட்டும் நூறு ரூபாய்க் காலத்திலேயே நின்றுவிட்டது.

ஒவ்வொரு சலானாகப் பிரித்துக் கட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டலாம். வருகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்லித் தருகிறேன். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று என் நோட்டில் எழுதி வைத்து, போன் போட்டு ஞாபகப்படுத்துகிறேன். ஆனால் 5,000 ரூபாய்ச் சலான் ஒன்றாக வந்தால் அதைப் பிரிக்க முடியாது. இன்னொன்று, கடைசிச் சலான் தீர்கிற வரைக்கும் பெயர் மாற்றமோ எஃப்.சி.யோ (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) நகராமல் நிற்கும். நாலில் மூன்றைக் கட்டியவரும் ஒன்றும் கட்டாதவரும் அங்கே ஒன்றுதான்.

எஃப்.சி. பற்றிச் சொல்ல வேண்டும், அது எங்கள் வீட்டு விஷயம். என் தம்பி குட்டியானை வைத்து ஓட்டுகிறான். கல்யாணங்களுக்குப் பந்தல் சாமான், சேர், சமையல் பாத்திரம் ஏற்றுகிற வண்டி. வைகாசியிலும் ஆவணியிலும் சோறு தின்ன நேரம் இருக்காது. ஆடியும் மார்கழியும் வந்தால் வண்டி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்.சி. அந்த வருடம் அது ஆடியில் வந்து விழுந்தது. டயர் இரண்டு மாற்றி, பெயின்ட் அடித்து, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி, கையிலிருந்ததை எல்லாம் செலவழித்துவிட்டுப் போனால், வண்டி பெயரில் 6,500 ரூபாய்ச் சலான் நிலுவை. முழுசும் கட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் கையில் வேறு வழி இல்லை. இரண்டாயிரம் இப்போது கட்டுகிறேன், மீதியை ஆவணியில் கட்டுகிறேன் என்று தம்பி சொன்னதைக் கேட்டுக்கொள்ள அங்கே யாருக்கும் அதிகாரமில்லை. பதினோரு நாள் வண்டி நின்றது. அந்தப் பதினோரு நாளில் இரண்டு வளைகாப்பு, ஒரு கோயில் கும்பாபிஷேகத்துச் சாமான் எல்லாம் வேறு வண்டிக்குப் போயின. கட்ட வேண்டிய பணத்தைச் சம்பாதித்துத் தருகிற வண்டியையே நிறுத்தி வைத்துவிட்டு, பணத்தைக் கொண்டா என்றால் அவன் எங்கே போவான்? கடைசியில் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. மாசியில் மீட்டோம்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற ஒன்று. கடைக்கு வருகிற ஒரு வக்கீல் அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததே, அதில் 464ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 424ஆக இருந்தது. ஒருவருக்கு அபராதம் மட்டும் தண்டனையாக விதித்து, கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பானால், அதை உடனே கட்ட முடியாதவருக்கு நீதிமன்றம் அவகாசம் கொடுக்கலாம். 30 நாளுக்குள் முழுவதையும் கட்டச் சொல்லலாம். அல்லது இரண்டு, மூன்று தவணையாகக் கட்டச் சொல்லலாம். முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தவை 30 நாளுக்கு மிகாத இடைவெளியில். அதற்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதாவது, நான் குற்றம் செய்யவில்லை என்று கோர்ட்டுக்குப் போய், வாதாடி, தோற்றவருக்குத் தவணை கிடைக்க வழி இருக்கிறது. "ஆமா தாயி, ஹெல்மெட் போடல" என்று ஒத்துக்கொண்டு என் கடை மேசைக்கு முன்னால் நிற்கிற பெரியவருக்கு அது இல்லை. இதில் உள்ள நியாயக் குறைவை நீங்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நேர்மையாக ஒத்துக்கொண்டவருக்கு நீதிமன்றத்தில் தோற்றவரைவிடக் கடுமையான விதி எதற்கு?

பக்கத்து மாநிலங்களில் என்ன செய்தார்கள் என்று எனக்குப் பலர் சொல்கிறார்கள். தெலங்கானாவில் 2022 மார்ச்சில் இருசக்கர வண்டிகளின் நிலுவையில் கால்வாசி கட்டினால் போதும் என்றார்கள். 2023 டிசம்பரில் மறுபடியும் தள்ளுபடி. கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாதி கட்டினால் போதும் என்று அறிவித்ததும் பெங்களூரில் கூட்டம் கூடியது. என் கடைக்கு வருகிறவர்களும் "நம்மூர்லயும் ஆஃபர் வரும்க்கா, பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்டல் வாங்கிக் கட்டிய வலையங்குளத்துப் பெரியவருக்கு அடுத்த மாதமே பாதித் தள்ளுபடி என்று செய்தி வந்தால் அவர் மனசு என்ன பாடுபடும்? சொன்ன நேரத்துக்குக் கட்டியவரை அது ஏமாளி ஆக்கிவிடுகிறது. கட்டாதவரை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறது. தவணையில் அந்தக் கோளாறு கிடையாது. அரசுக்கு ஒரு ரூபாய் குறையப்போவதில்லை, முன்னால் கட்டியவருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை.

நிலுவை ஏன் குவிகிறது என்றும் யோசியுங்கள். ஆயிரம் ரூபாய்ச் சலான் வந்தால் கட்ட நினைப்பார்கள். மூவாயிரம் ஆனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். எட்டாயிரம் ஆகிவிட்டால் நம்பரைப் போட்டுப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்ற நிலைமைதான். கேமரா பக்கம் வரும்போது நம்பர் பிளேட்டை மடக்குகிறவர்களில் எத்தனையோ பேர் இப்படி ஆனவர்கள். நான் அதை நியாயப்படுத்தவில்லை, என் கடைக்கு முன்னாலேயே மடக்கிவிட்டுப் போகிறார்கள், சத்தம் போடுகிறேன். ஆனால் கட்டத் தொடங்க ஒரு சின்னத் தொகை இருந்தால் பலர் தொடங்குவார்கள். இது என் அனுபவம்.

குடித்துவிட்டு ஓட்டியவருக்கும் தவணையா என்ற கேள்விக்கு என்னிடம் ரொம்ப நாளாக ஒரே பதில்தான் இருந்தது: கூடாது. மற்றதெல்லாம் அசட்டை, இது அடுத்தவர் உயிர். ஆனால் போன தை மாதம் ஒரு பெண் வந்தாள், இருபத்தெட்டு முப்பது வயசு இருக்கும். புருஷன் வண்டியை மீட்கக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். பத்தாயிரத்தையும் கட்டியது இவள்தான். மகளிர் குழுவில் கடன் எடுத்து. குழு வட்டி குறைவு, அது வரைக்கும் பிழைத்தாள். வாரத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே நின்றாள். குழந்தை லேமினேஷன் மெஷினைத் தொடப் போனதும் கையைத் தட்டிவிட்டாள், அப்புறம் அதே கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். அன்றையிலிருந்து என் பதில் அவ்வளவு உறுதியாக இல்லை. குடித்தவரின் லைசென்சை எத்தனை மாதம் வேண்டுமானாலும் முடக்குங்கள், அது அவரையே போய்ச் சேரும். பணம் மட்டும் பெரும்பாலும் வீட்டில் இருக்கிற இன்னொருத்தியிடமிருந்துதான் வருகிறது. இதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். அந்தப் பெண்ணையும் மனதில் வைத்து எடுங்கள்.

மற்றபடி இதை எப்படி நடத்தலாம் என்பது பெரிய விஷயமே இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் நிலுவை உள்ளவர், குற்றத்தை ஒத்துக்கொண்டு, கால்வாசியை முதலில் கட்டட்டும். மீதியை ஆறு மாதத்துக்குப் பிரித்துக் கொடுங்கள். தொழில் வண்டியாக இருந்தால் பத்து மாதம் கொடுங்கள், அவர்களுக்கு ஆடியும் மார்கழியும் நடுவில் வரும். ஒழுங்காகக் கட்டி வருகிற வரைக்கும் எஃப்.சி.யை நிறுத்த வேண்டாம். இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் மீதி மொத்தமும் ஒரே நேரத்தில். நடுவில் அதே குற்றத்துக்கு மறுபடி மாட்டினால் சலுகை ரத்து. இப்படி ஒரு கடுமை இருக்கட்டும், அது தேவை என்றுதான் நானும் சொல்வேன். தவணை ஓடுகிற ஆறு மாதமும் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓட்டினால் அதற்கப்புறம் பழகிவிடும்.

பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. 2020இலிருந்து யுபிஐ ஆட்டோபே இருக்கிறது. ஒரு தரம் ஒப்புதல் கொடுத்துவிட்டால் மாதம் ஒரு தேதியில் தானாகப் போய்விடும். பூ கட்டுகிற அக்காக்கள்கூட இப்போது ஸ்கேனர் அட்டை வைத்திருக்கிறார்கள். போன் இல்லாதவருக்கு எங்களைப் போன்ற கடைகளும் இ-சேவை மையங்களும் இருக்கின்றன. வளைகுடாவில் அபுதாபியில் போக்குவரத்து அபராதத்தை வங்கி அட்டை வழியாக ஒரு வருடம் வரை வட்டியில்லாமல் பிரித்துக் கட்ட விடுகிறார்கள். நம் ஊரிலிருந்து அங்கே போய் வண்டி ஓட்டுகிற பையனுக்குக் கிடைக்கிற வசதி, இங்கே ஓட்டுகிற அவன் அப்பாவுக்கு இல்லை.

மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்றால், எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு வாங்கி முடித்துக்கொள்ளலாம், எந்த அதிகாரி வாங்கலாம் என்பதை மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவு சொல்கிறது. தொகையை நிர்ணயிக்கிற அதிகாரம் இருக்கும்போது, அதை எத்தனை முறையில் வாங்குவது என்பதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்க உங்கள் சட்டத்துறையால் முடியும் என்று நம்புகிறேன். அது நாளாகும் என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: மக்கள் நீதிமன்றத்தில் வங்கிக் கடன் வழக்குகளை உட்கார்ந்து பேசி, தவணை குறித்து முடித்து வைக்கிறீர்கள். சலான் நிலுவைக்கும் அதே மேசையில் ஓரிடம் கொடுங்கள்.

வீட்டு வரியை அரையாண்டுக்கு ஒரு தரம் பிரித்துத்தான் வாங்குகிறீர்கள், முன்னதாகக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் தருகிறீர்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். இந்த ஊரில் ஓடுகிற வண்டிகளில் எத்தனையோ தவணையில் வாங்கியவைதான். மக்கள் கையில் பணம் எப்படி வருகிறது என்பது அரசுக்குத் தெரியாத விஷயமில்லை.

மாநிலம் முழுக்க உடனே வேண்டாம். மதுரையில் மட்டும் ஆறு மாதம் சோதனையாகப் பாருங்கள். நிலுவை எவ்வளவு வசூலாகிறது, எத்தனை பேர் தவணை தவறுகிறார்கள் என்று கணக்கெடுங்கள். தவறுகிறவர்கள் அதிகம் என்றால் நிறுத்திவிடுங்கள், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

முடிவெடுப்பதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்தில் இருந்து யாராவது ஒருவரை ஒரு நாள் என் கடைக்கு அனுப்பி வைத்தால் நல்லது. ஓரமாக ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன். மார்க்கெட் முடித்து ஆட்கள் வரத் தொடங்கும் நேரம் என்பதால் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லுங்கள். வலையங்குளத்துப் பெரியவரும் அந்த நேரத்துக்குத்தான் டீ குடிக்க வருவார். இன்று காலை அவர் அட்டையில் முப்பத்தி நாலு கட்டம் நிரம்பியிருந்தது.

இப்படிக்கு,
மாட்டுத்தாவணி பக்கம் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒருத்தி
மதுரை